பாற்கடலிலிருந்து கொட்டியாரக்குடா வரை



நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்திலிருந்து சற்று நடந்தால் கண்டி வாவி. சிங்களத்தில் அதற்குக் ‘கிரி முஹுத’ என்றொரு பெயர் உண்டு. பாற்கடல் என்று பொருள். வயல்நிலத்தின் குறுக்கே அணையெழுப்பி, 1807ஆம் ஆண்டில் அதை அமைத்து முடித்தவன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். கடலின் இரைச்சல் எட்டாத மலைகளின் நடுவே ஒரு நீர்நிலையை வெட்டி அதற்குக் கடல் என்று பெயர் வைத்தார்கள். எட்டாண்டில் அவன் பிடிபட்டான். 1816இன் தொடக்கத்தில் கொழும்பில் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பப்பட்டவன் 1832இல் அங்கேயே இறந்துபோனான். நாடு இழந்த அந்தப் பயணத்தில் கண்டியின் கடைசி அரசன் கடந்தது மெய்யான கடலை.

ஆனாலும் இந்த இராச்சியத்துக்குக் கடல் அந்நியமாக இருந்ததில்லை. 1659ஆம் ஆண்டின் இறுதியில் புயலில் பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக்குடாவில் நங்கூரமிட்டது. அதிலிருந்த ராபர்ட் நொக்ஸ் என்ற இளைஞனையும் அவனுடைய தந்தையாகிய கப்பல் தலைவனையும் 1660இல் சிறைபிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த மலைகளுக்குள் கழித்து, தப்பியோடி, 1681இல் அவன் வெளியிட்ட நூலை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. மூதூரை ஒட்டிய அந்தக் குடாவில் யார் இறங்கினாலும் கண்டிக்குச் செய்தி வந்தது. மலையின் தலைநகருக்குக் கடற்கரையின் நிலவரம் தெரிந்திருந்தது. இன்று நமக்குத் தெரிவதில்லை. அந்தக் குடாவுக்கு நாம் நாள்தோறும் என்னென்ன அனுப்புகிறோம் என்பதுகூடத் தெரிவதில்லை.

வாவியின் மேற்கு முனையில் வழியும் நீர் மெத எல என்ற ஓடையாக நகரத்தின் ஊடே ஓடுகிறது. கடைகளின் பின்புறம், வீடுகளின் பின்புறம், பாலங்களின் அடியில். கண்டியில் பிறந்து வளர்ந்த பலர் அதை ஓடையாகவே நினைப்பதில்லை, சாக்கடை என்றுதான் சொல்வார்கள். அது கெட்டம்பேக்கு அருகில் மகாவலியில் விழுகிறது. மகாவலியோ நம் நகரத்தை மூன்று பக்கமும் கட்டிக்கொண்டு போகும் ஆறு. பேராதனையில் தாவரவியல் பூங்காவைச் சுற்றி வளைந்து, கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி, பொல்கொல்லையில் தடுக்கப்படுகிறது. 1976இல் கட்டிய அந்தத் தடுப்பணையில் ஒரு பங்கு நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்குப் போய் அம்பன் கங்கையில் சேர்கிறது. மற்றது தென்னக்கும்புரவைக் கடந்து விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டம்பே என்று அணை அணையாக இறங்கி, மினிப்பேயில் வடக்கே திரும்பிச் சமவெளியில் நடக்கிறது. பிரிந்த நீரில் ஒரு பகுதி மன்னம்பிட்டியை எட்டுமுன் மீண்டும் தாயாற்றில் கூடுகிறது. 335 கிலோமீற்றர் நீளம். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கில் பெய்யும் மழை இந்த ஓர் ஆற்றுக்குள் வருகிறது. கடைசியில் வெருகல் ஆறு என்று ஒரு கிளை பிரிய, மற்றது மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கடலைத் தொடுகிறது. அந்தக் குடாவை ஒட்டியே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. நீலத் திமிங்கிலங்கள் கரையிலிருந்து இவ்வளவு அருகில் வந்துபோவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம்.

ஆகவே கடற்கரைக்கு உங்களை அழைத்துப் போகும் எண்ணத்தோடு நான் வரவில்லை. நீங்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறீர்கள். கடலைச் சமூகம் காக்க வேண்டும் என்று பேசும்போதெல்லாம் கரையோர மக்களை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறோம். அந்தச் சமூகத்தில் பாதி மலையில் இருக்கிறது. ஒரு பாதியை மற்றப் பாதி அறியாத வரையில் எந்தக் கரையையும் காக்க முடியாது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். நாவலப்பிட்டிக்கு மேலே, மகாவலிக்கு நீர் சேர்க்கும் ஓர் ஓடையின் ஓரத்து லயத்தில் வளர்ந்தேன். எங்கள் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறாண்டு ஆனதை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மீண்டும் நடந்தார்கள். என் முழங்கால் இடங்கொடுத்த அளவுக்கு நானும் கடைசி இரண்டு நாள் நடந்தேன். கடலைக் கடந்து வந்த சமூகம் நாங்கள். ஆனால் மலைக்கு வந்த பிறகு தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்க்காமலே வாழ்ந்து செத்தோம். நானே இருபத்திரண்டு வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் லாஞ்சில் இருந்தேன். மழைக்காலம். நடுவழியில் நீலத்துக்கும் பழுப்புக்கும் இடையே கோடு கிழித்தது போல ஓர் எல்லை தெரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், ‘மாவலித் தண்ணி, மலையில மழை’ என்றார். எங்கள் தோட்டத்து மண் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றப் பல ஆண்டுகள் ஆயின.

அந்தப் பழுப்பின் கதை நீளமானது. கம்பளைப் பக்கம் சின்னாப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1824இல். அடுத்த அரை நூற்றாண்டில் கண்டியைச் சுற்றியிருந்த காடு மலை மலையாக வெட்டி எரிக்கப்பட்டது. கோப்பி நோயில் அழிந்தது; 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அதன் இடத்துக்கு வந்தது. துரைமாருக்குப் புல் பூண்டு இல்லாத தோட்டமே அழகு. சுரண்டி என்ற கருவியைக் கையில் கொடுத்துக் களையோடு மேல்மண்ணையும் சுரண்ட வைத்தார்கள். அடுத்த மழையில் அந்த மண் ஓடைக்குப் போனது. அதே வேளையில், தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே கண்டிச் சிங்கள விவசாயிகளின் வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. பலா, கித்துல், கமுகு, சாதிக்காய், அவற்றின் மேல் படர்ந்த மிளகு, அடியில் கோப்பிச் செடியும் கிழங்கும் என்று அடுக்கடுக்கான நிழல். மழைத்துளி நேரே நிலத்தில் விழ வழியில்லை. இலையிலிருந்து இலைக்கு இறங்கிச் சருகில் வந்து படியும். அங்கே மண் நின்றது. ஒரே மலை, ஒரே மழை. கடலியல் படிக்காத அந்த மனிதர்கள் மூதூர்க் கடலுக்குச் செய்த உபகாரத்துக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை.

அணைகள் கட்டிய பிறகு மண் கடலுக்குப் போக முடியாதே என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. பொல்கொல்லையும் ரன்டம்பேயும் மண்ணால் தூர்ந்திருப்பதைப் பார்த்தால் அது பாதி உண்மை. ஆனால் கடல் கேட்கும் மண் ஒன்று, கேட்காத மண் ஒன்று. கனத்த மணல் கடற்கரைக்கு வேண்டும். அலை அரிக்கும் கரையை அதுதான் நிரப்பிக்கொண்டிருக்கும். அணையில் தங்கிப்போவதும் ஆற்றங்கரைகளில் அள்ளி லொறியில் போவதும் அந்த மணல்தான். நீரைக் கலக்கிக்கொண்டு தங்காமல் போகும் மெல்லிய சேறு கடலுக்கு வேண்டாதது. வெயிலை மறைக்கும், கடற்புல்லின் மேல் படியும், பவளத்தை மூச்சுமுட்டச் செய்யும். அது வெள்ளத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. வேண்டியதை நிறுத்தி வேண்டாததை அனுப்பும் ஆறாக மகாவலியை மாற்றிவைத்திருக்கிறோம். உரத்தின் மிச்சமும் மலக்கழிவும் நீரில் கரைந்தே போகின்றன. அவற்றை எந்த அணையும் பிடிப்பதில்லை. 1999இல் நமது பாற்கடலே நச்சுப் பாசி பூத்துப் பச்சையாகிப் போனது இங்குள்ள மூத்தோருக்கு நினைவிருக்கும். கன்னொறுவையில் ஜப்பானியக் கடனுதவியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது பெரிய காரியம். நகரத்தின் ஒரு பகுதிக்காவது விடிவு. கொஹாகொடக் குப்பைமேட்டிலிருந்து கசியும் கறுப்பு நீர் பல பத்தாண்டுகளாக மகாவலியில் கலந்துவந்திருக்கிறது என்பதும் இதே நகரத்தின் கதைதான்.

இந்த ஆற்றில் விலாங்கு உண்டு. ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக முகத்துவாரத்துக்கு வந்து, ஆற்றில் எதிரேறி, ஆண்டுக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போய், அங்கேயே உயிர் விடும் மீன். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று நம் பழமொழி அதை இரண்டகம் செய்பவனுக்கு உவமை ஆக்கிவிட்டது. எனக்கு அந்தப் பழமொழி பிடிப்பதில்லை. மலையும் கடலும் ஒரே வீட்டின் இரண்டு அறை என்று தெரிந்த ஒரே உயிர் அதுதான். சிறுவயதில் எங்கள் ஓடையில் கல்லுக்கடியில் கைவிட்டு அதைப் பிடித்திருக்கிறோம். மேலேற வழியில்லாமல் அணைச்சுவரில் முட்டி நிற்கும் குஞ்சுகளைப் பற்றி இப்போது நினைக்கிறேன்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. யேமன் நாடு வைத்த பெயர் அது. சொகோத்ராத் தீவின் ஒரு களப்பின் பெயர். கடலில் பிறந்த புயல் அதிகமான உயிரைப் பறித்தது கடற்கரையில் அல்ல, இங்கே. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாவட்டங்களில் கண்டிக்குத்தான் பேரிழப்பு. மலை சரிந்து வீடுகள் புதைந்தன. கம்பளை, பேராதனை, கட்டுகஸ்தோட்டை எல்லாம் ஆற்றுக்குள் இருந்தன. இந்த அவையில் உறவை இழந்தவர்கள் இருக்கிறீர்கள். நீட்டிப் பேசுவது எனக்கும் இயலாது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். காற்று ஒரு பாகை சூடேறினால் அது சுமக்கும் நீராவி ஏழு வீதம் கூடுகிறது. சூடேறிய கடல் அந்த நீரை மலைக்குக் கொண்டுவந்து கொட்டியது. மலை அதை மண்ணோடும் மரத்தோடும் வீட்டுச் சாமானோடும் திருப்பிக் கொடுத்தது. இரண்டு மூன்று நாளில் அந்த வெள்ளம் மாவிலாற்றுப் பக்கம் கரையை உடைத்துக்கொண்டு மூதூர், வெருகல் கிராமங்களுக்குள் புகுந்தது. நாம் இறந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, நம் வெள்ளத்தில் அவர்கள் கூரைமேல் இருந்தார்கள்.

இந்த ஆண்டு மாசியில் மூதூருக்குப் போனேன். கரைவலை இழுத்து முடித்த வாடியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், எந்த ஊர் என்று கேட்டார். கண்டி என்றேன். ‘அப்ப உங்கட சாமான்தான் சேர் இதெல்லாம்’ என்று ஓரமாகக் குவித்திருந்ததைக் காட்டினார். செருப்பு, பால்மாப் பை, சோடாப் போத்தல், கிழிந்த தறப்பாள், ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல். கோபமாகச் சொல்லவில்லை, தொலைந்த பொருளை உடையவனிடம் காட்டுவது போலச் சொன்னார். அவற்றில் எது கண்டியில் விழுந்தது, எது வழியில் சேர்ந்தது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

கரையோர மக்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலைத் தொழிலுக்குப் ‘பாடு’ என்ற முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. வலை கட்டும் இடம் ஒவ்வொன்றும் ஒரு பாடு. நல்ல பாடும் உண்டு, வெறும் பாடும் உண்டு. யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், நான்கு மீனவர் சங்கத்தார். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துவைக்க முடியாது. 1958இல் அரசும் விதியாக எழுதி அதை ஏற்றது. அதே சொல், ஏறத்தாழ அதே முறை, தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியிலும் இருக்கிறது. இரு நாட்டுக் களப்புகளில் ஒரே சொல் உயிரோடு இருப்பதை நினைத்தால் எனக்கு உவகை. ஆனால் பழவேற்காட்டில் பாடு ஒரு சாதியின் உரிமையாக நிற்கிறது, மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. சமூகம் என்று நாம் உச்சரிக்கும்போதே யாரையோ வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

முறைவைத்துப் பங்கிட்டாலே போதுமா என்றால், போதாது. தென்மாகாணத்து மாவெல்லவில் கரைவலைகளுக்கு முறை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மீன் விலை ஏறியபோது வலைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இன்னும் வலை சேர்க்கக்கூடாது என்ற விதி இருந்தும் அதை நிறைவேற்ற ஆளில்லை. ஒவ்வொருவருக்கும் முறை வருவதற்குள் பருவம் முடிந்தது. வலை செய்த செலவுகூடத் திரும்பவில்லை. பொதுச்சொத்தை மக்களே ஆளமுடியும் என்று உலகுக்கு நிறுவி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், தம் 1990ஆம் ஆண்டு நூலில் இந்த மாவெல்லவைத் தோல்விக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். மக்கள் பங்கேற்பு என்ற சொல்லை மந்திரம் போலச் சொல்பவர்கள் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. மக்கள் கூடினால் மட்டும் கடல் பிழைக்காது. ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரமும் அந்த மக்களிடம் இருக்க வேண்டும்.

அந்த அதிகாரத்துக்காக வடக்கின் கடற்றொழிலாளர் பட்ட பாடு நமக்குத் தெரியும். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியபோது இழுவைமடிகள் கடலின் அடியையே வாரிக்கொண்டு போவதைக் கண்டார்கள். சங்கங்களாகக் கூடி ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். 2017 யூலையில் அடித்தள இழுவை முறையைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எதிரே நின்றவர்கள் நம் மொழி பேசும் தமிழ்நாட்டுப் படகுகளின் கூலியாட்களும்தான் என்பது அந்தப் போராட்டத்தின் ஆறாத புண். சிலாபத்தில் சிறுமீனவர் அமைப்பான சுதீச, 2015இல் கண்டல் காடுகளைக் காக்கும் பொறுப்பைக் கரையோரப் பெண்களிடம் கொடுத்து, அதற்கு ஈடாகத் தொழில் தொடங்கச் சிறுகடன் வழங்கியது. காவலும் சோறும் ஒரே கையில் வந்து சேர்ந்த ஏற்பாடு அது.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை இந்தச் சபையில் எல்லோரும் அறிவீர்கள். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூன் தொடக்கத்தில் மூழ்கியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிலும் கரையிலும் கொட்டின. நானூறுக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. சுற்றுச்சூழல் நீதி மையமும் மீனவர்களும் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் மனுதாரர்களாக உயர் நீதிமன்றம் போனார்கள். 2025 யூலை 24ஆம் திகதி, நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தக் கப்பல் தரப்புக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. மக்கள் வழக்காடிப் பெற்ற தீர்ப்பு, நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கப்பலுக்குப் பெயர் இருந்தது, உரிமையாளர் இருந்தார். மெத எலவில் ஒரு பையைப் போடும் ஆயிரம் கைகளுக்குப் பெயர் இல்லை. எந்த நீதிமன்றத்தில் மூதூர்க்காரர் நம்மேல் வழக்கு வைப்பார்?

இனி, நான் வந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். தோட்டத்து ஓடைகளில் குப்பை கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ‘லயத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது’ என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு ஒரு சட்டத்தை நினைவூட்டுகிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுவதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது. வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவுசெய்தோம். ஆனால் அந்தச் சபை எங்கள் வாசலுக்குப் பாதை போடவும் குப்பை அள்ளவும் தோட்ட நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! சட்டம் மாறினாலும் குப்பை வண்டி எல்லா லயத்துக்கும் வந்துவிடவில்லை. நாட்சம்பளக் குடும்பம் சவர்க்காரத்தையும் தேயிலைத்தூளையும் அன்றன்றைக்குச் சிறு பைக்கற்றில் வாங்குகிறது. அந்தப் பைக்கற்றைப் போட இடமில்லை. எரிக்கலாம், இல்லையென்றால் ஓடை. ஊராட்சிக்குள் சேர்த்துக்கொள்ளப்படாத மக்களிடம் கடலைக் காக்கும் சமூகமாக இருங்கள் என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வரும்? 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்ட பிறகு பொலித்தீன் தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2025 நவம்பரிலிருந்து கடைப் பைக்கு விலை கொடுக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. நல்லதே. குப்பை அள்ளும் வண்டி வராத இடத்தில் இவை பாதி வேலைதான் செய்யும்.

இவ்வளவுக்கும் நடுவே, யாரும் கணக்கில் எடுக்காத ஒரு வேலையை எங்கள் ஆட்கள் செய்துகொண்டிருந்தார்கள். தோட்டத்தில் அதைக் ‘கான் வெட்டு’ என்போம். சரிவின் குறுக்கே சமமட்டத்தில் கான் வெட்டி, இடையிடையே குழி விட்டு, குழிக்கும் குழிக்கும் நடுவே சிறு மேடு விடுவார்கள். மழைநீர் குழியில் தங்கி, மண்ணைக் கீழே விட்டு, தெளிந்து அடுத்த குழிக்கு வழியும். மழைக்குப் பிறகு படிந்த மண்ணை அள்ளி மறுபடி தேயிலைத் தூருக்குப் போட வேண்டும். என் தகப்பனார் முப்பது ஆண்டு கான் வெட்டினார். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மண்வெட்டியோடு போய், இடுப்பு ஒடிய வெட்டிவிட்டு வருவார். கான் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது அவருடைய சொல். கடலை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எத்தனை தொன் சேற்றை மூதூர்க் கடலுக்குப் போகாமல் நிறுத்தினார் என்று யாரும் அளந்ததில்லை. தோட்டங்களில் செலவைக் குறைக்கும் பேச்சு வரும்போதெல்லாம் கைவைப்பது முதலில் இந்த வேலையில்தான். கான்கள் தூர்ந்துபோன மலைகளை இன்று எங்கும் பார்க்கலாம். கடல் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஏன் கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் கான் வெட்டுக்கும் மானாப்புல் நடுவதற்கும் வரக்கூடாது? இது இரக்கம் கேட்டுச் சொல்வதன்று. மேல்நீர் காக்கும் வேலைக்குக் கீழ்நீர் கொடுக்க வேண்டிய கூலி.

அதுபோலவே கீழே இருப்பவர்களுக்கு மேலே ஓர் இருக்கை வேண்டும். கண்டியின் குப்பை பற்றியும் கழிவுநீர் பற்றியும் முடிவெடுக்கும் மேசையில் மூதூர், கிண்ணியா, வெருகல் மீனவர் சங்கங்களின் ஆட்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும். கடல் மாசைத் தடுக்க 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதற்கென ஓர் அதிகாரசபை இருக்கிறது. ஆற்றுக்கு மகாவலி அதிகாரசபை, கரைக்குக் கரையோரத் திணைக்களம், நகருக்கு மாநகர சபை. ஆற்றின் ஒரே நீர் இத்தனை அலுவலகங்களின் எல்லையைக் கடந்து போகிறது. அந்த நீரோடு கூடவே போய்வரும் மனிதர்கள் மட்டும் யாரும் இல்லை.

ஆற்றின் மேலையும் கீழையும் இணைக்க முன்னோர் ஒரு வழியை வைத்திருந்தார்கள். எசல பெரஹெர முடிந்ததும் கெட்டம்பேயில் மகாவலிக்குள் இறங்கி நீர்வெட்டு நடக்கிறது. வாளால் நீரை வெட்டி, அந்த நீரைக் குடத்தில் மொண்டு, அடுத்த ஆண்டு வரை தேவாலயத்தில் வைத்திருப்பார்கள். அதே ஆற்றின் வெருகல் கிளையில், சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவில் தீர்த்தம் நடக்கிறது. இங்கே பௌத்தரும் அங்கே சைவரும் சில வார இடைவெளியில் ஒரே ஆற்றைத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். முகத்துவாரத்தில் முஸ்லிம் மீனவர்கள் வலை வீசுகிறார்கள். கெட்டம்பேயில் எந்த இடத்தில் நீர் வெட்டுகிறார்களோ, அதற்குக் கூப்பிடு தூரத்தில்தான் மெத எல ஆற்றில் விழுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பெரிய வேலையில்லை. கெட்டம்பேயில் மெத எல விழும் இடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, பெருமழைக்கு மறுநாளானால் நல்லது, ஒரு மணி நேரம் நின்று என்னென்ன மிதந்து போகிறது என்று எண்ணி எழுதுங்கள். பை எத்தனை, போத்தல் எத்தனை, எந்தக் கடையின் பெயர், நீரின் நிறம் என்ன. மூதூரில் அதே மாதம் வலையில் என்ன ஏறியது என்று அங்குள்ள பாடசாலைப் பிள்ளைகள் எழுதட்டும். இரண்டு கொப்பிகளையும் ஆண்டுக்கொருமுறை பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அங்கே ஓர் ஆசிரியையிடம் பேசிவிட்டேன். அவர் தம் வகுப்பில் தொடங்கிவிட்டார்.

செப்டம்பர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரை துப்புரவு நாள். நம்மிடம் கடற்கரை இல்லை, கெட்டம்பே இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் பாலத்தடிக்கு வாருங்கள். சாக்கும் கையுறையும் நான் கொண்டுவருகிறேன். மூதூரிலிருந்து மூன்று பேர் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் மனைவியோடு வருகிறார். இரண்டு இரவு தங்க அவர்களுக்கு வீடு வேண்டும். கொடுக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போங்கள்.